மட்டியிடம் கடன் வாங்கிய பசை

புவெர்ட்டோ மோன்ட்டில் மழை நின்று எத்தனை நாளென்று
யாரும் கேட்பதில்லை.
நின்றால்தானே.

ஆய்வக வாசலில் யாஸ்னா கொலிவோரோ,
கையில் வலைப்பை, பைக்குள் நாற்பது மட்டி.
கல்புக்கோவுக்கு அப்பால் ஒரு தீவில்
அவள் கயிற்றில் வளர்ந்தவை.
"இன்றைக்குள் சொல்வாயா?"
எலிக்கு ஊசி போட்டுப் பார்க்கும் அரசு ஆய்வகம்
வியாழக்கிழமைதான் வாய் திறக்கும்.
மதியத்துக்குள் சொல்கிறேன் என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

கண்ணாடிச் சில்லின்மேல்
ஐம்பது நானோமீட்டர் தங்கம்.
அடகுக் கடைக்காரன் திரும்பிப் பார்க்கமாட்டான்.
புரதம் அதில் வெறுமனே இறங்கினால்
நழுவிப் போகும்;
இல்லையேல் விழுந்த வேகத்தில் நசுங்கி,
தன் மடிப்பெல்லாம் மறந்து
பிணமாய் ஒட்டிக் கிடக்கும்.
ஒட்டுவது வேறு,
உயிரோடு ஒட்டுவது வேறு.

அதனால்தான் நேற்றிரவே
தங்கத்தை டோபமின் கரைசலில் ஊறவிட்டேன்.
அலை அறையும் பாறையில், ஈரத்திலேயே,
நூல் நூற்று மட்டி பற்றிக்கொள்கிறதே,
அந்தப் பசைக்கு இது பங்காளி.
காலையில் தங்கம்
ஆறிப்போன தேநீர் நிறம்.
அந்தப் பழுப்பின்மேல் ஆன்டிபாடி.
ஒரு துளி, குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம்.
சில நேராய் அமரும்.
சில தலைகீழாய்ப் போய் நிற்கும்,
கை இரண்டும் படலத்தில் புதைந்து,
நஞ்சு பக்கத்தில் வந்தாலும் பிடிக்க வழியின்றி.
எத்தனை என்று எண்ணிச் சொல்ல
எனக்குத் தெரியாது.
மிச்ச இடத்தைப் பாலின் புரதத்தால் மெழுகினேன்,
வேண்டாதது எதுவும் வந்து குந்தாதபடி.

பிறகு நாற்காலிச் சண்டை.
முதுகில் நொதி கட்டிய நஞ்சும்
யாஸ்னாவின் மட்டிச் சாறும்
ஒரே துளியில்.
சாற்றில் நஞ்சு மிகுந்தால்
நொதிக்காரனுக்கு இடமில்லை,
மின்னோட்டம் சரியும்.

சுத்தமான மட்டிக்கு நான்கு மைக்ரோ ஆம்பியர் வரும்.
முதல் சில்லு: ஒன்று புள்ளி ஒன்பது.
இரண்டாவது: இரண்டு.
மூன்றாவது: மூன்று புள்ளி எட்டு,
ஒன்றும் நடக்காதது போல.

வில்லைக்கு அடியில் வைத்துத் திருப்பினேன்.
ஓரத்தில் பழுப்பே ஏறாத
ஒரு வளைகோட்டுக் குவியல்.
என் கட்டைவிரல்.
நேற்றிரவு கையுறை கழற்றித்
தொலைபேசி எடுத்த விரல்.
அந்த எண்ணெய்ப் பசையில்தான்
நொதியெல்லாம் கண்டபடி ஒட்டியிருக்கிறது.
உருண்டு புரண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும் என்பார்கள்.
சோதனைச் சில்லில் அது செல்லாது,
ஒட்டக் கூடாததுதான் முதலில் ஒட்டும்.

"மூன்றில் இரண்டு நஞ்சு என்கின்றன."
"மூன்றாவது?"
"அதில் என் விரல்."
அவள் சிரிக்கவில்லை.
"நேற்று இதே கயிற்றிலிருந்து
தம்பிக்கு ஒரு பை கொடுத்தனுப்பினேன்."

எண்ணை அழுத்த அவள் விரல் நடுங்கியது.
"உதடு மரத்துப்போச்சா என்று முதலில் கேள்,"
என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.
மணி அடித்தது. அடித்தது.
பிறகு தூக்கம் கலையாத ஓர் ஆண்குரல்.
சமைக்கவில்லையாம்.
வாளித் தண்ணீரில் போட்டிருந்தானாம்.
இரவோடு இரவாய் ஒன்றையொன்று நூலால் பின்னி
வாளியோடும் ஒட்டிக்கொண்டனவாம்.
பிய்த்து அலசச் சோம்பல்பட்டு
ரொட்டி தின்று படுத்துவிட்டானாம், எலெவ்தேரியோ.

யாஸ்னா அவனைத் திட்டினாள்.
அவ்வளவு நேரம், அவ்வளவு வசையாக
யாரையும் யாரும் திட்டி நான் கேட்டதில்லை.
பிறகு தரையில் உட்கார்ந்தாள்,
பை மடியில் சொட்ட.

அறிக்கையில் எழுதினேன்:
முடிவு உறுதியாகவில்லை, வியாழன் வரை விற்க வேண்டாம்.
மூன்றாம் சில்லைச் சோப்பிட்டுத் தேய்த்தேன்.
என் ரேகை போய்விட்டது.
பழுப்பு போகவில்லை.